நெல்லிக்கனியை ஊட்டியது யார்?

நடுவர் அவர்களே, தகடூராம் தருமபுரி மண்ணின் பெருமக்களே, வணக்கம். இரண்டு வயதுக் குழந்தையை வளர்த்தெடுப்பது ஊட்டிவிடும் கையா, காத்திருக்கும் பொறுமையா என்பது தலைப்பு. நான் பொறுமையின் பக்கம்.

எனக்கு முன் பேசிய எதிரணி ஐயா, "அதியமான் ஆண்ட தருமபுரியில் நின்று, கொடுக்கும் கையைக் குறைசொல்லலாமா?" என்று கேட்டுக் கைதட்டலை அள்ளிச் சென்றார். ஐயா, அதியமான் ஔவையாருக்கு நெல்லிக்கனியைக் கொடுத்தான். ஊட்டிவிட்டதாக எந்தப் புலவரும் பாடவில்லை! அவன் கையில் கொடுத்தான், அவர் தாமே உண்டார். நாங்கள் கேட்பதும் அவ்வளவுதான்.

சென்ற மாதம் பென்னாகரத்தில் ஒரு வளைகாப்பு. புறப்படும் நேரத்தில் இரண்டரை வயது மகன் செருப்பை மார்போடு அணைத்துக்கொண்டு "நானே!" என்றான். வலது செருப்பு இடது காலுக்குப் போயிற்று. கழற்றினான், கழற்றுவதில் வல்லவன், ஏனெனில் சட்டையோ செருப்போ, மாட்டுவதற்கு முன்பே கழற்றுவதுதான் இந்த வயதில் கைகூடும். மறுபடி மாட்டினான், மறுபடியும் இடது காலுக்கே வலது. ஒரு பேருந்து போயிற்று. பொறுக்காமல் நான் குனிந்து கைவைத்தேன். அவ்வளவுதான், இரண்டையும் உதறிவிட்டு முதலிலிருந்து தொடங்கினான். அடுத்த பேருந்தும் போயிற்று. அப்போது என் கணவர் என்னைப் பார்த்த பார்வைக்கு நடுவர் தனிப் பட்டிமன்றமே வைக்கலாம். மூன்றாவது பேருந்தில், கால்மாறிய செருப்போடு வாத்துநடை நடந்து ஏறியவனிடம் நடத்துநர், "செருப்பு மாறியிருக்கிறதே தம்பி" என்றார். "நானே போட்டேன்" என்றான் பிள்ளை, பயணச்சீட்டைக் காட்டுபவனைப் போல!

தானே உண்டால் பாதி தரைக்குப் போகும், பசியாறாது என்றும் ஐயா வருந்தினார். 1975-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தில் வந்த நம் அங்கன்வாடிகளுக்குப் போய்ப் பாருங்கள்: அங்கே வரிசையில் அமர்ந்து சோற்றையும் முட்டையையும் தானே உண்ணும் பிள்ளைதான், வீடு திரும்பியதும் அம்மாவைக் கண்டு, ஊட்டச் சொல்லி வாயைத் திறந்து காட்டுகிறது.

ஒன்று சொல்லி அமர்கிறேன். பக்கவாதத்தில் வலக்கை விழுந்துபோன என் மாமியார், இடக்கையால் களியைப் பிட்டு உண்ணப் பழகிவருகிறார். முதல் நாள் நாங்கள் எல்லோரும் ஊட்டிவிட ஓடினோம். அவர் வாயை இறுக மூடிக்கொண்டார். என் மகன் மட்டும் எதிரே சம்மணமிட்டு அமர்ந்து, மடியில் விழுந்தவை போக ஒரு கவளம் அவர் வாய்க்குச் சேரும்வரை அசையாமல் பார்த்திருந்தான். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "பாட்டியே சாப்பிட்டாங்க" என்றான்.

நன்றி, வணக்கம்.