படம் எங்க தொய்யுது? வீர தீர சூரன் 2, மகாராஜா, மெய்யழகன்

வணக்கம் மக்களே! ஆக்‌ஷன், த்ரில்லர், டிராமான்னு வகைக்கு ஒண்ணா மூணு படம் எடுத்திருக்கேன். 'வீர தீர சூரன் பாகம் 2', 'மகாராஜா', 'மெய்யழகன்'. முதல்லயே சொல்லிடறேன், மகாராஜா பத்திப் பேசும்போது கதையோட முடிச்சு முழுசா அவிழ்ந்துடும். இன்னும் பார்க்காதவங்க அந்தப் பகுதியைத் தள்ளி விட்டுட்டு மெய்யழகனுக்குப் போயிடுங்க. அது அப்படி ஒரு படம், முடிச்சு தெரியாம ஒரு தடவையாவது பார்க்கணும்.

தியேட்டர் வாசல்ல மைக்கை நீட்டினா எந்தப் படத்துக்கும் ஒரே பதில்தான் வருது. "ஃபர்ஸ்ட் ஹாஃப் சூப்பர், செகண்ட் ஹாஃப் கொஞ்சம் லேக்." சரி, ஏன் லேக்? படம் நீளம்கறது பதில் இல்லை. ரெண்டு மணி நேரப் படத்துல நெளிஞ்சவங்க, மூணு மணி நேரப் படத்துல அசையாம உட்கார்ந்திருக்காங்க. நான் பார்த்த வரைக்கும் காரணம் இதுதான்: நம்ம மனசுல படம் ஒரு கேள்வியைப் போட்டு வைக்குது. அந்தக் கேள்வி உயிரோட இருக்கிற வரைக்கும் நேரம் போறது தெரியாது. கதை அந்தக் கேள்வியை விட்டுட்டு வேற வேலையைப் பார்க்கப் போனா, அஞ்சு நிமிஷம்கூட இழுவையாத்தான் தெரியும். இந்த மூணு படத்தையும் அந்தக் கண்ணோட பார்ப்போம்.

முதல்ல வீர தீர சூரன். 2025 மார்ச் 27ல வந்தது. எஸ்.யு. அருண்குமார் இயக்கம், விக்ரம் காளி, எஸ்.ஜே. சூர்யா எஸ்.பி. அருணகிரி. முதல் பாகமே வராம ரெண்டாம் பாகம் முதல்ல வந்த படம். மதுரைப் பக்கம், திருவிழா ராத்திரி. போலீஸ்கிட்ட இருந்து தன்னையும் தன் பையனையும் காப்பாத்திக்க, பெரியவர் ரவி பழைய ஆள் காளிகிட்ட வந்து நிக்கிறார். காளி மளிகைக் கடை வச்சு, பொண்டாட்டி பிள்ளைங்களோட அமைதியா இருக்கிற ஆள். விடியறதுக்குள்ள எஸ்.பி.யை முடிக்கணும். கேள்வி பளிச்னு நம்ம கையில வந்துடுச்சா? முடிப்பானா மாட்டானா, குடும்பம் என்னாகும்?

இந்தப் படத்தோட பெரிய பலம், காளியைப் பத்தி யாரும் பில்டப் வசனம் பேசாதது. அவன் யாரு, முன்னாடி என்ன பண்ணான்னு முதல் பாதியில சொல்லவே மாட்டாங்க. மத்தவங்க அவனைப் பார்த்துப் பம்மறதை வச்சு நாமளே கணக்குப் போட்டுக்கணும். கண்ணிவெடி வர்ற பகுதியைக் கவனமா பாருங்க. வெடியைப் புதைக்கிற வேலையைப் பொறுமையா, ஒரு தொழிலைக் காட்டற மாதிரி காட்டறாங்க. ரோடு எது, வெடி எங்க இருக்கு, ஆள் எங்க ஒளிஞ்சிருக்கான், வண்டி எந்தப் பக்கத்துல இருந்து வரணும்னு எல்லாம் நமக்குப் பதிஞ்சுடுது. அதுக்கப்புறம் ரெண்டு ஹெட்லைட் வெளிச்சம் தெரிஞ்சாலே வயித்தைக் கலக்குது. பின்னணி இசையே இல்லாம இருந்தாலும் கலக்கும்.

ஆக்‌ஷன் படங்கள்ல பெரும்பாலும் கோட்டை விடற இடமே இதுதான். நாலு பேர் ஒருத்தனை அடிக்க வர்றாங்க. யார் இடது பக்கம், யார் வலது பக்கம், கதவு எங்க, ஜன்னல் எங்கன்னு காட்டற ஒரு வைடு ஷாட் கிடையாது. நேரா க்ளோசப்ல கை, கால், ரத்தம். ஷாட்டு ஒரு செகண்டுகூட நிக்கிறதில்லை. அதுல இன்னொரு சிக்கலும் உண்டு. ரெண்டு பேர் எதிரும் புதிருமா நின்னா, அவங்களுக்கு நடுவுல ஒரு கற்பனைக் கோடு இருக்கும். கேமரா அந்தக் கோட்டுக்கு ஒரே பக்கம் இருக்கிற வரைக்கும், இடமிருந்து வலமா ஓடறவன் இடமிருந்து வலமாத்தான் ஓடுவான். காரணமே இல்லாம கேமரா அந்தப் பக்கம் தாண்டுனா, துரத்தறவனும் ஓடறவனும் மாறிப்போன மாதிரி ஆயிடும். நம்ம மூளை சண்டையை விட்டுட்டு வழி தேட ஆரம்பிக்கும். "ஃபைட் நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா ஒட்டலை"ன்னு சொல்றோம் இல்லையா, பல சமயம் காரணம் இதுதான்.

வீர தீர சூரன் க்ளைமாக்ஸ்ல வெட்டே இல்லாத நீள ஷாட்டு ஒண்ணு வருது. 'கர்ணன்', 'மாமன்னன்' பண்ண தேனி ஈஸ்வர்தான் ஒளிப்பதிவு. ராத்திரியில இப்படி ஷாட்டு எடுக்கிறது லேசுப்பட்ட வேலை இல்லை. கேமரா எல்லாப் பக்கமும் திரும்பறதால பெரிய லைட்டை எங்கயும் நிறுத்தி வைக்க முடியாது. தெருவிளக்கு, ட்யூப்லைட்டு, வண்டி ஹெட்லைட்டுன்னு காட்சிக்குள்ளயே இருக்கிற வெளிச்சத்தை வச்சுத்தான் சமாளிக்கணும். ஃபோகஸ் ஒரு இடத்துல நழுவினாலும் முதல்ல இருந்து எடுக்கணும். ஸ்டன்ட் ஆளுங்க தங்களோட முறைக்காகக் காத்து நிக்கிறது ஃப்ரேம்ல தெரிஞ்சுடக் கூடாது. கேமரா ஒருத்தர் முதுகை ஒட்டிப் போறது, இருட்டுச் சுவத்தைக் கடக்கறது, சட்டுனு திரும்பறது, இந்த மூணு இடத்துலதான் பொதுவா ரெண்டு ஷாட்டைச் சேர்த்து ஒட்டு போடுவாங்க. எந்தப் படத்துல நீள ஷாட்டு வந்தாலும் அங்க கண்ணை வைங்க.

அப்போ எங்க தொய்யுது? ரெண்டாம் பாதியில வர்ற ஃப்ளாஷ்பேக்ல. விடியறதுக்குள்ளங்கற கெடு ஓடிக்கிட்டு இருக்கு, திடீர்னு பழைய கதைக்குள்ள கூட்டிட்டுப் போயிடறாங்க. அந்தப் பகுதியை மோசமா எடுத்திருக்காங்கன்னு சொல்ல மாட்டேன். ஆனா காளி யாருங்கறது நமக்கு அந்த நேரத்துல அவசரக் கேள்வியே இல்லை. அது இல்லாமலே முதல் பாதி முழுக்க அவனை நம்பி வந்துட்டோம். கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னா, படம் நின்னுபோன மாதிரிதான் இருக்கும்.

அஜித்தோட 'விடாமுயற்சி'யிலயும் இதே பிரச்சினைதான். 1997ல வந்த 'பிரேக்டவுன்'ங்கற ஹாலிவுட் படத்தோட கரு. நடு ரோட்டுல கார் நின்னுடுது, மனைவி உதவி கேட்டு லாரியில ஏறிப் போறாங்க, காணாம போயிடறாங்க. ஆனா அந்த இடத்துக்கு வந்து சேர நம்ம படம் எடுத்துக்கிற நேரம் அதிகம். அஜித் அதுல அடி வாங்கற சாதாரண மனுஷனா நடிச்சது எனக்கு ரொம்பப் பிடிச்சுது, அதுக்காகவே வருத்தமா இருக்கு.

இனி மகாராஜா. 2024 ஜூன் 14. இயக்குநர் நித்திலன் சாமிநாதனோட ரெண்டாவது படம், விஜய் சேதுபதிக்கு 50வது. பார்க்காதவங்க இப்பவே கிளம்பிடுங்க.

சலூன் கடை வச்சிருக்கிற மகாராஜா போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்து, வீட்டுல லட்சுமி திருடு போயிடுச்சுன்னு புகார் கொடுக்கிறார். லட்சுமிங்கறது இரும்புக் குப்பைத்தொட்டி. அதைக் கண்டுபிடிச்சுக் குடுத்தா லட்சக்கணக்குல பணம் தர்றேன்கறார். நடந்ததை அதே தோரணையில, அதே கையசைவோட திரும்பத் திரும்பச் சொல்றார். ஒரே காட்சி இத்தனை தடவை வந்தா சலிக்கணும் இல்லையா? சலிக்கலை. ஏன்னா ஒவ்வொரு தடவையும் எதிர்ல கேட்கிற ஆள் மாறுறான், அவனோட எரிச்சல் மாறுது, பணத்தோட தொகை மாறுது. ஒரு குப்பைத்தொட்டிக்கு எதுக்கு இவ்வளவுங்கற கேள்வி ஒவ்வொரு தடவையும் பெருசாகுது.

இன்னொரு பக்கம் செல்வம், அனுராக் காஷ்யப். கொள்ளையடிக்கிறான், வீட்டுக்கு வந்து பொண்ணைக் கொஞ்சறான். ரெண்டு கதையையும் மாத்தி மாத்திக் காட்டறாங்க. ரெண்டும் ஒரே காலத்துல நடக்குதுன்னு நாமளே முடிவு பண்ணிடறோம். படம் அப்படி ஒரு வார்த்தைகூடச் சொல்லலை, நம்ம தப்பைத் திருத்தவும் இல்லை. செல்வம் மகாராஜா கடைக்கு வந்து உட்கார்ந்து, பொண்ணுக்கு வாங்கின தங்கச் சங்கிலியை மறந்துட்டுப் போறான் பாருங்க, அங்கதான் காலக்கணக்கு தலைகீழாகுது, செல்வம் கதை பல வருஷத்துக்கு முன்னாடியே நடந்தது. எடிட்டர் ஃபிலோமின் ராஜ். இந்த மாதிரி வெட்டுல ரெண்டு பக்கமும் அபாயம். குறிப்பு அதிகமா வச்சா இடைவேளையிலயே கண்டுபிடிச்சுடுவாங்க. ஒண்ணுமே வைக்காம விட்டா, முடிவுல ஏமாத்திட்டாங்கன்னு கோபப்படுவாங்க. ரெண்டாவது தடவை பார்க்கும்போது ஒவ்வொரு காட்சியும் பொருந்துதான்னு பாருங்க. மகாராஜா அந்தப் பரீட்சையில தேறிடுது.

நடிகர் தேர்வையும் சொல்லியே ஆகணும். குப்பைத்தொட்டி கேஸை முடிக்க, திருடன்னு பொய்யா ஒருத்தனைப் பிடிச்சுட்டு வர்றாங்க. நல்லசிவம், நடிச்சவர் சிங்கம்புலி. இத்தனை வருஷமா நம்மளைச் சிரிக்க வச்ச முகம். அவர் வந்து நின்னதும் காமெடி டிராக்னு தோள் தளர்ந்து உட்காருறோம். அந்த ஆளும் நிஜக் குற்றவாளிகள்ல ஒருத்தன். முகமூடி தேவைப்படலை, அவரோட பழைய படங்களே முகமூடியா வேலை செஞ்சிருக்கு. போலீஸா வர்ற நட்டியும் அப்படித்தான். லஞ்சம் வாங்கற அலட்சியமான இன்ஸ்பெக்டர்னு நாம ஒதுக்கி வச்ச ஆள் உண்மையைப் பிடிச்சு வச்சிருக்கார்.

குறை இல்லாம இல்லை. ஒரு பொண்ணுக்கு நடந்த கொடுமையைத்தான் இந்தக் கதை முழுக்க எரிபொருளா வச்சிருக்கு. ஆனா அந்தப் பொண்ணு ஜோதி, மகாராஜா வளர்த்தாலும் நிஜத்துல செல்வத்தோட மகள், பேசறதுக்குக் கிடைக்கிற இடம் கடைசியில அந்த ஒரு காட்சிதான். அது நல்ல காட்சி, செல்வம் நிலைகுலைஞ்சு போறதே அங்கதான். அதனாலயே, அந்தப் பொண்ணை இன்னும் முன்னாடியே மனுஷியா நிறுத்தியிருக்கலாமேன்னு மனசு கேட்குது. த்ரில்லர் எழுதறவங்க இந்த மாதிரிக் குற்றத்தை ஒரு ட்விஸ்டுக்காக எடுத்துக்கிறதை ரெண்டு தடவை யோசிக்கணும். அப்புறம், பல வருஷம் முன்னாடி நடந்த ஒரு லாரி விபத்துல மகாராஜா, செல்வம் ரெண்டு பேர் குடும்பமும் ஒரே நேரத்துல மாட்டறது பெரிய தற்செயல். அதை முதல்லயே சொல்லியிருந்தா நம்பியிருக்க மாட்டோம். கதையோட கடைசியில வச்சதால தப்பிச்சுது.

மெய்யழகன் 2024 செப்டம்பர் 27ல வந்தப்போ மூணு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. சில நாள்லயே 18 நிமிஷத்துக்கு மேல குறைச்சாங்க. சண்டை கிடையாது, வில்லன் கிடையாது. 1996ல தஞ்சாவூர் வீட்டை இழந்துட்டு சென்னைக்குப் போன அருள்மொழி (அரவிந்த்சாமி), 22 வருஷம் கழிச்சு தங்கச்சி கல்யாணத்துக்காக நீடாமங்கலம் வர்றார். அங்க ஒருத்தர் (கார்த்தி) "அத்தான், அத்தான்"னு ஒட்டிக்கிறார். அருளுக்கு அவர் யாருன்னே தெரியலை, பேர் கேட்கவும் கூச்சம். இயக்குநர் பிரேம்குமார் இந்த ஒரு சின்னக் கேள்வியை வச்சு முழுப் படத்தையும் ஓட்டறார். இவன் பேர் என்ன? நம்ம எல்லாருக்கும் கல்யாண வீட்டுல நடக்கிற சங்கடம்தான், அதனால விளக்கமே தேவைப்படலை.

கல்யாண மேடைக் காட்சியை மட்டும் தனியா ஒரு தடவை போட்டுப் பாருங்க. அருள் கொண்டுவந்த நகையைக் கல்யாணப் பொண்ணு புவனா அங்கயே பிரிச்சு ஒவ்வொண்ணாப் போட்டுக்கிறா. கூட்டம் காத்துக்கிட்டு நிக்குது, போட்டோ எடுக்கணும், பின்னாடி வரிசை. சாதாரணமா எடிட்டர் முதல் நகையிலயே வெட்டிட்டு அழற முகத்துக்குப் போயிருப்பார். இங்க வெட்டலை, எல்லா நகையும் முடியற வரைக்கும் இருக்காங்க. காட்சி நீளமா இருக்கிறதாலதான் அவ்வளவு வருஷப் பிரிவு நமக்குத் தெரியுது. இதைப் பாதியாக் குறைச்சிருந்தா சும்மா ஒரு சீர் செய்யற காட்சியா முடிஞ்சிருக்கும்.

ராத்திரிப் பேச்சு அப்படி இல்லை. வரலாறு, வீரம், ஊர் பெருமைன்னு கார்த்தி பேசப் பேச, அரவிந்த்சாமி கேட்கிற ஆளா மட்டும் ஆயிடறார். அருளோட சங்கடம் அந்த நேரத்துக்குக் காணாம போயிடுது. பேசற விஷயம் எனக்கும் பிடிச்ச விஷயம்தான். ஆனா பேர் தெரியாத தவிப்பு கூடவே ஓடியிருந்தா இன்னும் பத்து நிமிஷம்கூடப் பேசியிருக்கலாம். சைக்கிள் கதை வரும்போது பாருங்க, அருள் விட்டுட்டுப் போன ஒரு பழைய சைக்கிள் இவன் வாழ்க்கையில என்னவெல்லாம் செஞ்சிருக்குன்னு சொல்றதும் நீளப் பேச்சுதான். ஆனா ஒவ்வொரு வரியும் அருள் நெஞ்சுல குத்துது. பேர்கூடத் தெரியாதேங்கற குற்ற உணர்ச்சி ஏறிக்கிட்டே போகுது. அங்க யாருக்கும் கடிகாரம் பார்க்கத் தோணாது.

கடைசியா, வீட்டுல பார்க்கிறவங்களுக்கு. இந்த மூணு படமுமே தியேட்டர்ல வந்து சரியா 28வது நாள் ஓ.டி.டி.க்கு வந்துடுச்சு. மகாராஜாவும் மெய்யழகனும் நெட்ஃபிளிக்ஸ், வீர தீர சூரன் அமேசான் பிரைம். டி.வி.யில வசனம் கேட்கலை, பாட்டும் வெடிச் சத்தமும் காதைக் கிழிக்குதுன்னா, பல சமயம் கோளாறு படத்துல இல்லை. பல ஸ்பீக்கருக்குப் பிரிச்சு அனுப்பற 5.1 ஒலியில வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்குப் போகும். உங்க டி.வி.யில பெரும்பாலும் இருக்கிறது ரெண்டே ஸ்பீக்கர். ஆடியோ மெனுவில 5.1ஐ மாத்தி சாதாரண ஸ்டீரியோ ட்ராக் இருந்தா அதைப் போடுங்க. பிக்சர் செட்டிங்ல எல்ஜியில ட்ரூமோஷன், சோனியில மோஷன்ஃப்ளோன்னு இருக்கும், அதை ஆஃப் பண்ணிடுங்க. செகண்டுக்கு 24 ஃப்ரேம்ல எடுத்த படத்துக்கு நடுவுல அதுவா ஃப்ரேம் சேர்த்து சீரியல் மாதிரி ஆக்கிடும். வீர தீர சூரன் முக்கால்வாசி ராத்திரியில நடக்குது, அதனால ஹால் லைட்டை அணைச்சுட்டு, ஃபிலிம்மேக்கர் மோடு இருந்தா அதுல வச்சுப் பாருங்க. விவிட் மோடுல வச்சா அந்த இருட்டு சாம்பலாத்தான் தெரியும்.