கற்றுக்கொள்ள வரும் பிள்ளைக்கு முதல் நாளே கூலி

(கோலாலம்பூர் செந்தூலில் இடைநிலைப்பள்ளிப் படிவம் 4, 5 மாணவர்களும் பெற்றோரும் தொழில் நடத்துபவர்களும் கூடியிருந்த ஒரு மாலையில் பேசியது. பேச்சை அதிகம் திருத்தாமல் எழுதியிருக்கிறேன்.)

பெரியோர்களே, தாய்மார்களே, வேலை முடிந்து கைகூடச் சரியாகக் கழுவாமல் நேராக இங்கே வந்திருக்கும் தொழில் நண்பர்களே, முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கச்சிமார்களே, எல்லாருக்கும் வணக்கம்.

இந்தச் செந்தூலில் நான் முப்பது வருடத்துக்கு மேலாக ஏர்கோன் மாட்டுகிறேன், வயரிங் செய்கிறேன். இன்றைக்கு என்னிடம் ஒன்பது பேர் வேலை செய்கிறார்கள். பள்ளியில் படிக்கிற பிள்ளையையும் நம்முடைய பட்டறைகளையும் எப்படிச் சேர்த்து வைப்பது என்று பேசச் சொன்னார்கள். அதைப் பேச வேண்டுமென்றால் முதலில் என் அப்பாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

அப்பா இங்கே இருந்த ரயில்வே பட்டறையில் பாய்லர் வேலை பார்த்தவர். செந்தூல் பட்டறை என்றால் அந்தக் காலத்தில் மலாயா முழுக்கத் தெரியும். ரயில் எஞ்சினைக் கழற்றுவதும் பூட்டுவதும், பெட்டி செய்வதும், இரும்பு வார்ப்பதும் எல்லாம் இங்கேதான் நடந்தது. நம்முடைய ஆட்கள் ஃபிட்டர், டர்னர், கொல்லன், பெயிண்டர் என்று நூற்றுக்கணக்கில் இருந்தார்கள். அப்பா எப்படி உள்ளே போனார் தெரியுமா? பக்கத்து குவார்ட்டர்ஸில் இருந்த ஒரு பெரியப்பா அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய், "இவன் நம்ம பையன், வேலை கத்துக்குவான்" என்று ஃபோர்மேனிடம் சொன்னார். அவ்வளவுதான். உள்ளே போன நாளிலிருந்தே சம்பளம். குறைந்த சம்பளம்தான், ஆனால் மாதம் தவறாமல் வந்தது.

பெரிய பழுதுபார்ப்பு வேலையெல்லாம் பேராக்கில் இருக்கிற பத்து காஜாவுக்குப் போய்விட்டது. பட்டறையைச் சுற்றியிருந்த ரயில்வே நிலத்தில் இன்றைக்குக் கொண்டோ நிற்கிறது, பழைய கட்டடம் ஒன்று நாடக அரங்கமாக இருக்கிறது. அதற்காக நான் அழவில்லை, காலம் மாறும். ஆனால் பட்டறையோடு சேர்ந்து அந்தப் பெரியப்பாவும் போய்விட்டார். அதுதான் என் கவலை. இன்றைக்குப் படிவம் 5 முடிக்கிற ஒரு பையனுக்கு வெல்டிங் மேல் ஆசை இருக்கிறது என்று வையுங்கள். அவனைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் ஒரு வெல்டர் முன்னால் நிறுத்த யார் இருக்கிறார்கள்? சீனர் கடைகளைப் பாருங்கள். பள்ளி விடுமுறையில் தங்கை மகன் வருவான், அண்ணன் மகன் வருவான். ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பான், மாமா கையில் காசு வைப்பார். பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். எழுதும்போது அவனுக்குப் பாதித் தொழில் தெரிந்திருக்கும். அந்தப் பழக்கம் நம்மிடமும் இருந்தது. விட்டுவிட்டோம்.

வேலை இல்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். 2016 முதல் 2020 வரைக்குமான பதினொன்றாவது மலேசியத் திட்டத்தில் அரசாங்கமே எழுதி வைத்தது, உருவாகப்போகும் வேலைகளில் 60 விழுக்காடு தொழில்திறன் சார்ந்ததாக இருக்கும் என்று. என் அனுபவத்தையும் சொல்கிறேன். நல்ல ஏர்கோன் ஆள் ஒருவன் கிடைக்க நான் ஆறு மாதம் தேடியிருக்கிறேன். ஆளைத் தேடுகிற முதலாளியும் வேலையைத் தேடுகிற பையனும் ஒரே தாமானில் இருக்கிறார்கள், ஒரே கடையில் பசியாறுகிறார்கள், ஆனால் ஒருவரை ஒருவர் தெரியாது.

இப்போது கூலி விஷயத்துக்கு வருகிறேன். கூப்பிட்டதும் நான் வந்தது இதைச் சொல்லத்தான்.

1988இல் எஸ்.பி.எம். முடித்தேன். அப்பா உடம்பு முடியாமல் வீட்டில் இருந்தார், அம்மா ஆபீஸ் துப்புரவு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். ஒரு பட்டறையில் சேர்ந்தேன். எந்தப் பட்டறை என்று சொல்ல மாட்டேன், அவர்களும் இப்போது இல்லை. சம்பளம் என்று கேட்டதற்கு, "கத்துக்கத்தானே வந்திருக்கே, கத்துக்கிறவனுக்கு எதுக்குக் காசு?" என்றார்கள். சரியென்று போனேன். மினி பஸ்ஸில் போக 50 சென், வர 50 சென். மதியத்துக்கு அம்மா கட்டித் தருவதைச் சாப்பிடுவேன். காலையில் வேலைக்குக் கிளம்பும்போது அம்மா முந்தானையை அவிழ்த்து ஒரு வெள்ளியை எடுத்துக் கையில் வைப்பார். ஏழு மாதம் வைத்தார். ஒரு நாள் காலையில் முடிச்சை அவிழ்த்தார், உள்ளே இரண்டு இருபது சென் காசுதான் இருந்தது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கு நான் பட்டறைக்குப் போகவில்லை, அதற்குப் பிறகும் போகவில்லை.

வேலை கஷ்டமென்று விடவில்லை. திறமை இல்லாமல் விடவில்லை. ஒரு நாளைக்கு ஒரு வெள்ளி இல்லாமல் விட்டேன். "ஓடிப்போனான், நம்ம பையன்களுக்குப் பொறுமை இல்லை" என்று அந்த முதலாளி பிறகு பலரிடம் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அந்த வார்த்தை இன்னும் எனக்கு வலிக்கிறது. மூன்று மாதம் கழித்து வேறொருவர் நாளுக்கு எட்டு வெள்ளி கொடுத்து என்னைச் சேர்த்துக்கொண்டார். இன்றைக்கு நான் இந்த மேடையில் நிற்கிறேன் என்றால் அது அந்த எட்டு வெள்ளி.

ஆகவே தொழில் நண்பர்களே, சம்பளம் இல்லாத பயிற்சி என்று யாராவது சொன்னால் அதன் பொருள் என்ன என்று யோசியுங்கள். வீட்டில் சோறும் பஸ் காசும் கொடுக்க முடிந்த பிள்ளை மட்டும் வரலாம் என்றுதான் பொருள். நமக்கு வேண்டிய பிள்ளை அவன் மட்டும்தானா? வர முடியாத பையன் மோட்டாரை எடுத்துக்கொண்டு சாப்பாடு டெலிவரிக்குப் போகிறான். அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அன்றைக்கு ஓடினால் அன்றைக்குக் கையில் காசு. தங்கச்சிக்குப் பள்ளிக் கட்டணம் கட்டுகிறான். ஆனால் பத்து வருடம் ஓடிய பிறகும் அவன் கையில் ஒரு தொழில் இருக்காது. மழையிலும் லாரிக்கு நடுவிலும் ஓடிய பத்து வருடம் அது.

என் கடையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். போன வருடம் எஸ்.பி.எம். எழுதி முடித்த ஒரு பெண் பிள்ளை அம்மாவோடு வந்தது. "அங்கிள், முடிவு வர்ற வரைக்கும் வேலை கத்துக்கிறேன்" என்றது. அம்மாவுக்குத் தயக்கம். பெண் பிள்ளை ஏணி ஏறுமா, ஆண்களோடு வேலை செய்யுமா என்று. ஏணி இப்போதைக்கு வேண்டாம், கடைக்குள்ளேயே செப்புக் குழாய் வேலை என்று சொல்லிச் சேர்த்தேன்.

செப்புக் குழாயை விரித்து இணைப்பது ஏர்கோன் வேலையில் முதல் பாடம். கட்டரை மெதுவாகச் சுற்றி வெட்ட வேண்டும், அவசரப்பட்டு இறுக்கினால் குழாய் நசுங்கும். வெட்டிய வாயில் பிசிறு நிற்கும். அதைச் சுரண்டும்போது குழாயின் வாய் தரையைப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் செப்புத் தூள் உள்ளே விழுந்து ஒரு நாள் கம்ப்ரஸரைக் கொல்லும். பிறகு வாயைப் பூப்போல விரிப்பது. அந்தப் பிள்ளை முதல் நாள் அழகாக விரித்து நிமிர்ந்து பார்த்தது. என் மூத்த ஆள் கேட்டான், "நட்டு எங்கம்மா?" விரிப்பதற்கு முன்னால் நட்டைக் குழாயில் மாட்ட வேண்டும், விரித்த பிறகு அது நுழையாது. முகம் சிவந்துவிட்டது. வெட்டி எறிந்துவிட்டு மறுபடி செய்தது. மறுபடியும் நட்டை மறந்தது. மூன்றாவது தடவை நட்டை முதலில் எடுத்து, மாட்டுகிற வரைக்கும் வாயில் கவ்விக்கொண்டு வேலை செய்தது. "அண்ணே, இனிமே மறக்காது" என்றது. நான்காவது வாரம் அது போட்ட இணைப்பில் சோப்பு நீர் தடவிப் பார்த்தேன். ஒரு குமிழி இல்லை.

அந்தப் பிள்ளை வீணாக்கிய குழாய் எத்தனை அடி என்று என்னிடம் கணக்கு இருக்கிறது. கொடுத்த சம்பளத்துக்கும் கணக்கு இருக்கிறது. இன்றைய குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. வாரம் ஆறு நாள் வேலையென்றால் நாளுக்கு 65 வெள்ளி 38 சென் வருகிறது. முதல் இரண்டு மாதம் எனக்கு நட்டம்தான், மறைக்கவில்லை. மூன்றாவது மாதம் சரிக்குச் சரி. அதற்குப் பிறகு இன்னொரு குழுவை வெளியே அனுப்ப முடிந்தது. ஆள் தேடி ஆறு மாதம் நான் இழந்த வேலையோடு ஒப்பிட்டால் அந்தக் குழாய் ஒன்றுமே இல்லை.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. கைத்தொழில் என்றால் படிப்பு வராத பிள்ளைக்கு என்று நினைத்து வைத்திருக்கிறோம். நம்முடைய பாட்டன் தோட்டத்தில் பட்ட பாட்டினால் வந்த பயம் அது. பேரப்பிள்ளை வெயிலில் நிற்கக்கூடாது என்ற ஆசை. அந்த ஆசையை நான் மதிக்கிறேன். ஆனால் இன்றைக்குத் தொழிலுக்கும் ஏணி இருக்கிறது. எஸ்.கே.எம். என்று சொல்கிற மலேசியத் திறன் சான்றிதழ் முதல் நிலையிலிருந்து மூன்றாம் நிலை வரை போகிறது. நான்காவது நிலை டிப்ளோமா, ஐந்தாவது உயர் டிப்ளோமா. சில இடைநிலைப்பள்ளிகளில் படிவம் 4, 5 படிக்கும்போதே தொழில்திறன் பாடம் எடுத்து, எஸ்.பி.எம். சான்றிதழோடு எஸ்.கே.எம். இரண்டாம் நிலையும் வாங்க வழி இருக்கிறது. உங்கள் பிள்ளையின் பள்ளியில் அது உண்டா என்று நாளைக்கே ஆசிரியரிடம் கேளுங்கள். கேட்டால்தான் சொல்வார்கள்.

முதலாளியும் பயிற்சி நிலையமும் சேர்ந்து பிள்ளையை வளர்க்கிற ஒரு முறை 2005இலிருந்து இந்த நாட்டில் இருக்கிறது. எஸ்.எல்.டி.என்., அதாவது தேசிய இரட்டைப் பயிற்சி முறை என்பார்கள். ஜெர்மன்காரர்கள் செய்வதைப் பார்த்துக் கொண்டுவந்தது. 70 முதல் 80 விழுக்காடு நேரம் பட்டறையில், மிச்சம் வகுப்பில். முதலாளியோடு எழுத்தில் ஒப்பந்தம், மாதா மாதம் அலவன்ஸ், முடிவில் எஸ்.கே.எம். பினாங்கு பாயான் லெப்பாஸில் 1972இலிருந்து பெரிய பெரிய தொழிற்சாலைகள் வந்தன. தங்களுக்கு வேண்டிய ஆட்களைத் தாங்களே பயிற்றுவிக்க 1989இல் தொழில் நிறுவனங்களும் மாநில அரசும் சேர்ந்து அங்கே ஒரு திறன் மேம்பாட்டு மையத்தை எழுப்பின. பெரியவர்கள் அப்படிக் கூடிச் செய்தார்கள். செந்தூலிலும் ஜாலான் ஈப்போவிலும் பத்துமலையிலும் ஆளுக்கு ஐந்து பேர், எட்டுப் பேர் வைத்து நடத்துகிற நாம் ஏன் கூடிச் செய்யக்கூடாது? ஒருவரிடம் லேத் இருக்கிறது, ஒருவரிடம் வெல்டிங், என்னிடம் ஏர்கோன். ஒரு பையன் விடுமுறைக்கு விடுமுறை மூன்றையும் பார்த்துவிட்டுத் தனக்கு எது பிடிக்கிறது என்று சொல்லட்டுமே.

இங்கே ஒரு கசப்பான உண்மையும் உண்டு. இருபது வருடம் வெல்டிங் செய்த அண்ணன்மார்கள் இந்த மண்டபத்தில் இருக்கிறீர்கள், கையில் ஒரு சான்றிதழும் இல்லை. முறைப்படி பயிற்சி கொடுக்க வேண்டுமென்றால் கற்றுக்கொடுப்பவரிடம் சான்றிதழ் கேட்பார்கள். செய்த வேலையையே ஆதாரமாகக் காட்டி எஸ்.கே.எம். வாங்குகிற வழி இருக்கிறது, பி.பி.தி. என்று பெயர். நீங்கள் செய்த வேலையின் படம், முதலாளி கடிதம், வேலைக் குறிப்பு எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் சேர்த்து வைக்க வேண்டும், பிறகு மதிப்பிட வருவார்கள். அதைச் செய்துவிடுங்கள். உங்களுக்காக இல்லாவிட்டாலும் உங்களிடம் கற்க வரப்போகிற பிள்ளைக்காகச் செய்யுங்கள்.

பிள்ளையை ஒருவரிடம் விடுவதற்கு முன்னால் பெற்றோர் வெட்கப்படாமல் கேட்க வேண்டியவை சில உண்டு. எத்தனை மணிக்கு விடுவீர்கள்? 1966ஆம் ஆண்டின் சிறார், இளையோர் வேலைச் சட்டப்படி 15 வயதிலிருந்து 18 ஆகும் வரை ஒரு நாளில் 7 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது. எழுத்தில் பயிற்சி ஒப்பந்தம் இருந்தால் 8 மணி. பள்ளிக்குப் போய்க்கொண்டே வேலை செய்கிற பிள்ளைக்குப் பள்ளி நேரத்தையும் சேர்த்தே 8 மணிதான். பொதுவாக இரவு 8 மணிக்கு மேல் வைக்கக்கூடாது. வேலையில் அடிபட்டால் உதவுகிற பெர்கேசோ காப்புறுதி கட்டுகிறீர்களா? கையுறை, கண்ணாடி, காலணி யார் வாங்கித் தருவது? கரண்ட் வேலையென்றால் எரிசக்தி ஆணையத்தின் தகுதிச் சான்று பெற்ற வயர்மேன் பக்கத்தில் நிற்பாரா? நேர்மையான முதலாளி இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார். கோபப்படுகிறவரிடம் பிள்ளையை விடாதீர்கள்.

தம்பிமார்களே, உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். சொன்ன நேரத்துக்கு வாருங்கள். வர முடியாவிட்டால் முன்கூட்டியே ஒரு போன் போடுங்கள். மற்றதெல்லாம் நாங்கள் கற்றுக்கொடுக்கிறோம். கூட்டுவதும் டூல்ஸ் துடைப்பதும் முதல் வாரம் இருக்கும். அதிலேயே எந்த டூல்ஸுக்கு என்ன பெயர் என்று படித்துவிடலாம். இரண்டாவது வாரமும் கூட்டிக்கொண்டே இருந்தால், "அண்ணே, எனக்கு வேலை காட்டுங்க" என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

மண்டபத்துக்குப் பின்னால், தேத்தண்ணீர் மேசையில் ஒரு நீல நோட்டு வைத்திருக்கிறேன். இடது பக்கத்தில் தொழில் நடத்துபவர்கள் எழுத வேண்டும்: என்ன தொழில், எந்த இடம், எத்தனை பிள்ளைகளை எடுத்துக்கொள்வீர்கள், நாளுக்கு எவ்வளவு கொடுப்பீர்கள். அந்தக் கடைசிக் கட்டத்தை யாரும் காலியாக விடாதீர்கள். வலது பக்கத்தில் பிள்ளைகள் பெயரும் படிவமும் பெற்றோர் போன் நம்பரும் எழுதட்டும். எஸ்.பி.எம். முடிந்து முடிவு வரும் வரை கிடைக்கிற மாதங்கள்தான் நம் கணக்கு. ஞாயிற்றுக்கிழமை நானும் இரண்டு ஆசிரியர்களும் உட்கார்ந்து, யார் வீட்டுக்கு யார் பட்டறை பக்கம் என்று பார்த்து ஒவ்வொருவராகப் போன் போடுவோம். இடது பக்கத்தில் முதல் வரியை நான் எழுதிவிட்டேன். ஏர்கோன், செந்தூல், இரண்டு பேர், 65 வெள்ளி 38 சென். தேத்தண்ணீர் ஆறுவதற்குள் மற்ற வரிகளையும் எழுதிவிடுவோம், வாருங்கள்.