மூன்றுக்கு நான்கு என்று தோற்ற அந்த ராத்திரி

(சிறுவர் சிறுமியருக்கான கால்பந்துப் பயிற்சி முகாமின் நிறைவு நாளில் பேசியது)

எல்லாருக்கும் வணக்கம். முன்னால் தரையில் உட்கார்ந்திருக்கிற தம்பி தங்கைகளுக்குத் தனியாக ஒரு வணக்கம். பாதிப் பேர் இன்னும் பூட்ஸைக் கழற்றவில்லை. பார்க்கவே சந்தோஷமாக இருக்கிறது.

ஐ.எஸ்.எல் என்கிற இந்தியன் சூப்பர் லீக் கால்பந்துத் தொடரில் ஆடும் நம்ம ஊர் அணி, 'சென்னையின் எஃப்.சி.'யைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். கோப்பை வாங்கிய 2015, 2018 இரண்டையும் நீங்களே மனப்பாடமாகச் சொல்வீர்கள். நான் சொல்ல வந்தது கோப்பை கிடைக்காத ஒரு சீசனைப் பற்றி. 2019-20. இத்தனை வருஷத்தில் என் மனசுக்கு ரொம்ப நெருக்கமானது அதுதான்.

அதற்கு முந்தின கதை கொஞ்சம் தெரிய வேண்டும். 2018 மார்ச்சில் பெங்களூரு மண்ணிலேயே பெங்களூருவை 3-2 என்று ஜெயித்து சாம்பியன் ஆனோம். அடுத்த சீசனிலேயே 18 மேட்சில் வெறும் 9 பாயின்ட், டேபிளில் கடைசி இடம். சரி, ஒரு வருஷம் சறுக்கிவிட்டது, இந்த வருஷம் எழுந்துவிடுவார்கள் என்று நம்பித்தான் 2019 அக்டோபரில் மறுபடி நீலச் சட்டையை எடுத்து மாட்டினோம்.

முதல் மேட்ச் கோவாவிடம் 3-0 தோல்வி. மும்பையோடு கோல் இல்லாத டிரா. கொல்கத்தாவிடம் 1-0, பெங்களூருவிடம் 3-0. நாலு மேட்ச், 360 நிமிஷம், நம் கணக்கில் ஒரு கோல்கூட இல்லை. தோற்பதையாவது தாங்கிக்கொள்ளலாம். கோல் விழும் என்ற எதிர்பார்ப்பே இல்லாமல் கேலரியில் உட்கார்ந்திருப்பது வேறு மாதிரி வலி. பந்து எதிரணி பாக்ஸ் பக்கம் போகும்போது ஸ்டேடியமே எழுந்து நிற்க வேண்டும் இல்லையா? யாரும் எழவில்லை.

ஐந்தாவது மேட்ச் நவம்பர் 25, ஹைதராபாத்தோடு, நேரு ஸ்டேடியத்தில். 90 நிமிஷம் முடிந்தது, 0-0. எனக்கு முன் வரிசையில் ஒரு அப்பா, தூங்கிப்போன பையனைத் தோளில் போட்டுக்கொண்டு படி இறங்க ஆரம்பித்தார். அப்போது நம்ம ஷெம்ப்ரி கோல் அடித்தார். அந்த சீசனில் நம் முதல் கோல்! பையன் திடுக்கிட்டு விழித்துக்கொண்டான். அப்பா படியிலேயே நின்றுவிட்டார். கொஞ்ச நேரத்தில் ஹைதராபாத் சமன் செய்தது, மொத்த ஸ்டாண்டும் தலையில் கைவைத்து உட்கார்ந்தது. அப்புறம் நம்ம ஸ்ட்ரைக்கர் வால்ஸ்கிஸ். 2-1. மூன்று கோலும் ஸ்டாப்பேஜ் டைமில், அதாவது 90 நிமிஷத்துக்கு மேல் கொடுக்கிற கூடுதல் நேரத்தில். பக்கத்தில் நின்ற முகம் தெரியாத அண்ணன் ஒருவர் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். நானும் அழுதேன்.

அடுத்து ஒடிசாவோடு 2-2. ஆறு மேட்சில் 5 பாயின்ட். கோச் ஜான் கிரெகரி விலகினார். 2018 கோப்பையை நமக்குக் கொடுத்தவர் அவர். அந்த நன்றி எனக்கு இன்றைக்கும் உண்டு. டிசம்பர் முதல் வாரத்தில் ஓவன் காயில் வந்தார். இங்கிலாந்தில் பர்ன்லி அணியை பிரீமியர் லீக்குக்கு ஏற்றிவிட்ட ஸ்காட்லாந்துக்காரர்.

அவர் வந்ததும் எல்லாம் மாறிவிட்டது என்று பலர் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். அவர் வந்த பிறகு முதல் நாலு மேட்சில் ஒன்றே ஒன்றுதான் ஜெயித்தோம், கேரளாவை 3-1. நான் நம்பிய நாள் அதுகூட இல்லை. டிசம்பர் 26, கோவாவோடு ஆடி நாம் தோற்ற நாள்.

அன்று இடைவேளையின்போது 3-0 என்று பின்தங்கியிருந்தோம். அந்த வருஷம் லீக்கில் முதலிடம் பிடித்த கோவா அது. எதிரில் அப்படி ஒரு அணி இருந்தால், மூன்று கோல் வாங்கிய பிறகு எந்த அணியும் பின்னால் கூடி நின்று மானத்தைக் காப்பாற்றப் பார்க்கும். இவர்கள் முன்னால் ஏறினார்கள். ஷெம்ப்ரி ஒன்று, கிரிவெல்லாரோ ஒன்று, அடுத்தடுத்து விழுந்தன. உடனே கோவா நாலாவதை அடித்தது. அதற்கும் அடங்கவில்லை. கடைசி நிமிஷத்தில் கிரிவெல்லாரோ இன்னொன்று. 4-3. விசில் ஊதியதும் கேலரியில் யாரும் திட்டவில்லை, எழுந்து நின்று கைதட்டினார்கள். ரயில் பிடிக்க சென்ட்ரல் வரைக்கும் நடந்தோம். வழியெல்லாம் ஜெயித்த கூட்டம் மாதிரி பேச்சு.

தம்பிகளே, கவனியுங்கள். முதல் நாலு மேட்சில் ஒரு கோல்கூட அடிக்க முடியாத அதே ஆட்கள்தான் இவர்கள். அதே வால்ஸ்கிஸ், அதே கிரிவெல்லாரோ, அதே சாங்டே, அதே தாப்பா. வெளியிலிருந்து புதிதாக ஒரு ஸ்ட்ரைக்கர் வந்து இறங்கிக் காப்பாற்றவில்லை. மாறினது என்ன? கிரிவெல்லாரோவை வால்ஸ்கிஸுக்குப் பின்னால் சுதந்திரமாகத் திரிய விட்டார்கள். பந்து கிடைத்ததும் பக்கவாட்டில் உருட்டாமல் நேராக முன்னால் கொடுத்தார்கள். பந்து பறிபோனால் பின்னால் ஓடாமல் அங்கேயே மடக்கிப் பிடிக்கப் பார்த்தார்கள். அதில் ஆபத்து உண்டு, பின்னால் இடம் திறந்துகொள்ளும். கோவாவிடம் நாலு வாங்கியது அதனால்தான். அந்த விலை தெரிந்தே ஆடினார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்தது.

ஜனவரி தொடக்கத்தில் ஒடிசாவிடம் 2-0 என்று இன்னொரு தோல்வி. அவ்வளவுதான், லீக்கில் அதற்கப்புறம் தோல்வியே இல்லை. மீதி எட்டு மேட்சில் ஆறு வெற்றி, இரண்டு டிரா. ஜாம்ஷெட்பூரை 4-1. கொச்சியில் கேரளாவை 6-3! அவர்களுடைய ஒக்பெச்சே ஹாட்ரிக் அடித்தும் அவர்களால் நம்மைப் பிடிக்க முடியவில்லை. பிறகு மும்பையில் ஜெயித்தே ஆக வேண்டிய மேட்ச். 83வது நிமிஷத்தில் கேப்டன் கொயான் அடித்தார், முன்பு மும்பைக்கே ஆடிய டிஃபெண்டர். 1-0, லீக் முடிந்த பிறகு கோப்பைக்காக நடக்கும் பிளே-ஆஃபில் நாம். ஆறு மேட்சில் 5 பாயின்ட் எடுத்த அணி அடுத்த பன்னிரண்டில் 24 எடுத்தது. வால்ஸ்கிஸ் அந்த சீசன் முழுக்க 15 கோல் அடித்து, அதிக கோலுக்கான கோல்டன் பூட் விருது வாங்கினார்.

பிப்ரவரி 29, செமி ஃபைனல் முதல் ஆட்டம், நம்ம ஊரில், அதே கோவா. இரண்டாம் பாதியில் கொயான், தாப்பா, எலி சபியா, சாங்டே என்று நாலு கோல். 4-1. டிரம் அடித்த பையனின் உள்ளங்கை கன்னிப்போய் சிவந்திருந்தது. நிறுத்துடா என்றால் கேட்கவில்லை. கோவாவில் நடந்த இரண்டாவது ஆட்டத்தில் 4-2 என்று தோற்றும், இரண்டு ஆட்டத்தின் கோலையும் கூட்டினால் மொத்தத்தில் 6-5 என்று ஃபைனலுக்குப் போனோம்.

ஃபைனல் மார்ச் 14, கோவாவில். மட்காவ் போக டிக்கெட் எடுத்து வைத்திருந்தோம். கொரோனா வந்துவிட்டது. ரசிகர்கள் இல்லாமல் ஆட்டம் என்று அறிவித்தார்கள். வீட்டில் டிவி முன்னால் உட்கார்ந்தோம். தொடக்கத்திலேயே வால்ஸ்கிஸ் அடித்த பந்து கிராஸ் பாரில் பட்டது. காலி ஸ்டேடியம் என்பதால் அந்தச் சத்தம் அப்படியே கேட்டது, கம்பியில் மோதிய அந்த 'டங்' என்ற சத்தம். அது உள்ளே போயிருந்தால் என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்வேன். கொல்கத்தா 3-1 என்று ஜெயித்தது. நம்முடைய ஒரு கோலையும் அடித்தது வால்ஸ்கிஸ்தான்.

அடுத்த இரண்டு சீசனும் முழுக்க கோவாவில் பூட்டிய ஸ்டேடியங்களில் நடந்தன. காயில் ஜாம்ஷெட்பூருக்குப் போனார், வால்ஸ்கிஸும் போனார். நேரு ஸ்டேடியத்தில் மறுபடி ஐ.எஸ்.எல் மேட்ச் பார்க்க 2022 அக்டோபர் வரை காத்திருந்தோம். அன்றைக்கு கேட் திறப்பதற்கு ரொம்ப முன்னாலேயே போய் நின்றேன். வரிசையில் எனக்கு முன்னால் நீலச் சட்டையில் ஒரு அப்பாவும் பையனும். தோளில் தூங்கிக்கொண்டிருந்த அதே பையனா என்று சொல்ல முடியவில்லை. இவன் அப்பாவின் தோள் உயரத்துக்கு வளர்ந்திருந்தான், கையில் சொந்தமாக ஒரு டிரம் வைத்திருந்தான்.