விஞ்ஞான ஆசிரியர் சிலம்பைத் திறந்தபோது

சபையில் இருக்கிற பெரியோர்களுக்கும், வவுனியாவிலிருந்தும் கிளிநொச்சியிலிருந்தும் வந்திருக்கும் பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்கும் என் வணக்கம்.

முல்லைத்தீவு முள்ளியவளையில் நின்று சிலப்பதிகாரம் பேசக் கிடைத்தது என் பேறு. வைகாசியில் காட்டா விநாயகர் கோயிலில் கடல்நீரில் விளக்கெரித்து, வற்றாப்பளை அம்மனுக்குப் பொங்கல் வைக்கிற ஊர்களில் கண்ணகி யார் என்று நான் சொல்லத் தேவையில்லை. அவளுடைய காப்பியம் பல்கலைக்கழக வாசலுக்குள் எப்படிப் போனது என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

1892இல் உ. வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை அடியார்க்குநல்லார் உரையோடு அச்சில் கொண்டுவந்தார். அதே ஆண்டு காரைதீவில் மயில்வாகனம் பிறந்தார். பின்னாளில் விபுலாநந்த அடிகள் ஆனவர் அவரே. படித்தது விஞ்ஞானம்: கொழும்பில் இரசாயனத்தில் டிப்ளோமா, அப்புறம் லண்டன் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்சி. யாழ்ப்பாணத்தில் விஞ்ஞானம் கற்பித்தார். இடையில் 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பரீட்சையிலும் தேறினார்.

அந்தக் காலத்தில் பட்டம் ஒரு வழி, தமிழ் இன்னொரு வழி. 1921இல் கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரி வந்தபோதும் பிள்ளைகள் எழுதியது லண்டன் பரீட்சைதான். தமிழை ஆழமாகக் கற்க வேண்டுமென்றால் ஆசிரியர் வீட்டுத் திண்ணைக்குப் போகவேண்டும், இல்லாவிட்டால் மதுரைப் பரீட்சைக்கு அமரவேண்டும். சிதம்பரத்தில் 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் எழுந்து, 1931இல் அடிகளைத் தமிழின் முதற் பேராசிரியராக அழைத்ததை நான் பெரிய திருப்பமாக மதிக்கிறேன். பி.எஸ்சி. படித்த ஒரு துறவி தமிழ்ப் பேராசிரியர் இருக்கையில் அமர்ந்தார்!

அவர் சிலம்பின் அரங்கேற்று காதையைக் கையில் எடுத்தார். மாதவி அரங்கேறும் பகுதி அது. ஆடலாசிரியன், இசையாசிரியன், யாழாசிரியன் என்று ஒவ்வொருவருடைய இலக்கணமும் அதில் வரும். கதைக்காக வாசிக்கிறவர்கள் பெரும்பாலும் தாண்டிப் போகும் இடம். அடிகள் அங்கேயே தங்கிவிட்டார். உரை பேரியாழுக்கு 21 நரம்பு, மகரயாழுக்கு 19, சகோடயாழுக்கு 14, செங்கோட்டியாழுக்கு 7 என்கிறது. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று சுரங்களுக்குப் பெயரும் தருகிறது. கருவியோ கைக்கு இல்லை, வழக்கொழிந்து போய்விட்டது. அவரிடம் இருந்தவை பாட்டும் உரையும் பௌதிகமும்தான். இங்கே இருக்கிற விஞ்ஞானப் பிள்ளைகள் இதைச் செய்து பார்க்கலாம்: ஒரு கம்பியை இழுத்துக் கட்டி மீட்டுங்கள், அது குரல். மூன்றில் இரண்டு பங்கு நீளத்தில் அழுத்தி மீட்டுங்கள், இளி பிறக்கும். இந்த மாதிரிக் கணக்குகளை அடுக்கி அடுக்கித்தான் பாலைகள் என்கிற பழைய சுர அடுக்குகளையும் பண்களையும் அவர் மீட்டெடுக்க முயன்றார்.

1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் உருவானது. அடுத்த ஆண்டே அங்கும் தமிழின் முதற் பேராசிரியர் அவர்தான். 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அந்த ஆராய்ச்சியை அவர் எழுதிவைத்த யாழ் நூல் அரங்கேறியது. ஜூலையில் அவர் கண்ணை மூடினார். அந்தக் கடைசி ஆண்டுகளின் உழைப்பை நினைத்தால் எனக்கு இப்போதும் நெஞ்சு கனக்கும்.

சரி, வன்னிக்கு வருவோம். வவுனியா வளாகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகமானது. பிரயோக விஞ்ஞானம், வணிகக் கற்கைகள், தொழில்நுட்பக் கற்கைகள் என்று மூன்று பீடங்களோடு எழுந்தது. கிளிநொச்சியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் பொறியியல் பீடமும் இருக்கின்றன. கலைப்பீடம் வரட்டும், பார்க்கலாம் என்று காத்திருக்கத் தேவையில்லை என்பதே என் வாதம். ஒலியைப் பற்றிப் படிக்கிற பிள்ளைக்கு அரங்கேற்று காதை அந்நியப் பாடம் இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. சிதம்பரத்தில் இருந்தவர்களுக்கு ஏடும் உரையும் கிடைத்தன. உங்களுக்கு அதற்கு மேலே முள்ளியவளைக் கோவலன் கூத்தும், கண்ணகி கதையைப் பாடும் வற்றாப்பளைச் சிலம்புகூறலும் கிடைத்திருக்கின்றன. கூத்துப் பழக்கும் அண்ணாவிமாரின் கொப்பிகள் எத்தனையோ இடப்பெயர்வோடு போயிருக்கும். மிஞ்சியதைப் படம் பிடியுங்கள், பாடுகிறவர்களின் குரலைப் பதியுங்கள், கூத்துப்பாட்டைக் காப்பியத்துக்குப் பக்கத்தில் வைத்து வரி வரியாக வாசியுங்கள். அந்த வாசிப்புக்கு அண்ணாவியாரையே வகுப்புக்குக் கூப்பிட்டு, விரிவுரையாளர் அமர்கிற கதிரையில் அமர்த்துங்கள். அவருக்குரிய சம்பளத்தையும் பல்கலைக்கழகமே கொடுக்கட்டும்.