பேய்க்கும் ஒரு வளவு வேண்டும்

எல்லோருக்கும் வணக்கம். தலைவர் என்னை 'பேய்க்கதை நிபுணர்' என்று அறிமுகப்படுத்திவிட்டார். நான் சங்கக்கடையில் கணக்கு எழுதுகிறவன். காலபோக நெற்செய்கை வந்தால் இரவில் வயல் காவலுக்குப் போகிறவன். ஒக்டோபர் வாசிப்பு மாதம், இந்த ஆண்டு வாசித்ததையும் பார்த்ததையும் வந்து சொல் என்று கேட்டார்கள். யோசித்துப் பார்த்தால் அதில் முக்கால்வாசி பேயாக இருந்தது. சரி, அதையே சொல்லுவோம். சின்னப்பிள்ளைகள் முன்வரிசையில் இருக்கிறீர்கள், பயப்படவேண்டாம். இருட்டுவதற்கு முன் விட்டுவிடுவோம்.

போன காலபோகத்தில் காவற்கொட்டிலில் இருந்துகொண்டுதான் 'டிராகுலா'வை வாசித்து முடித்தேன். அயர்லாந்துக்காரரான பிராம் ஸ்டோக்கர் எழுதி 1897இல் வந்த நாவல். தலையில் ரொர்ச் கட்டிக்கொண்டு வாசிக்கும்போது பக்கத்துப் பற்றைக்குள் சரசரவென்று சத்தம். வெளிச்சத்தைத் திருப்பினால் பன்றி. எனக்கு நிம்மதியாக இருந்தது. யானை என்றால்தான் பிரச்சினை. பேய் என்றால் நின்று கதைத்துப் பார்க்கலாம்.

அந்த நாவலில் கோரைப்பல்லும் இரத்தமும்தான் இருக்கும் என்று எதிர்பார்த்துத் தொடங்கினேன். ஆனால் கதை தொடங்குவதே ஒரு காணிக் கொடுக்கல் வாங்கலில். ஓர் இளம் சட்டத்தரணி, நம் ஊர்க்கணக்கில் நொத்தாரிசு என்று வையுங்கள், மலைக்கு மேலுள்ள கோட்டைக்குப் போகிறார். அங்கே இருக்கும் டிராகுலா பிரபு இங்கிலாந்தில் ஒரு பழைய வீடு வாங்க வேண்டும். பத்திரங்களில் முறையாகக் கையெழுத்து வைக்கிறார். பேய்க்கும் காணி உறுதி வேண்டியிருக்கிறது! போரில் இடம்பெயர்ந்த இடமெல்லாம் உறுதியைத் தொலைத்துவிட்டு, பிறகு பிரதி எடுக்க அலைந்தவர்கள் இந்த மண்டபத்தில் எத்தனை பேர் என்று நான் கேட்கப் போவதில்லை. கையைத் தூக்கினால் கூட்டம் அதோடு முடிந்துவிடும்.

அதைவிட எனக்குப் பிடித்தது மண் விஷயம். அந்தப் பிரபு பகலில் தன் சொந்த மண்ணில்தான் படுக்க முடியும். அதனால் கப்பலில் 50 பெட்டி மண் ஏற்றிக்கொண்டு வருகிறார். அவரைத் துரத்துகிறவர்கள் ஒவ்வொரு பெட்டியாகத் தேடிப்போய், தேவாலயத்தில் கொடுக்கிற திருவப்பத்தை வைத்து, அவர் இனிப் படுக்க முடியாதபடி செய்கிறார்கள். 49 பெட்டி போய்விட்டது. மிச்சம் ஒன்றோடு அவர் ஊருக்கே திரும்பி ஓடுகிறார். அந்த இடத்தில் எனக்கு அவர்மேல் இரக்கம் வந்துவிட்டது. எழுதியவர் அதை விரும்பியிருக்கமாட்டார். ஆனால் முதல் இடப்பெயர்வில் உழவு இயந்திரப் பெட்டி நிறையச் சாமான் ஏற்றி, அடுத்த முறை சைக்கிளில் கட்டி, கடைசி முறை ஒரு பையோடு நடந்தவனுக்கு அந்தக் கடைசிப் பெட்டி வேறு மாதிரித்தான் தெரியும்.

இனிப் படங்களுக்கு வருவோம். என் மகன் போனில் பார்க்கிற பேய்ப்படங்களில் பாதி வெறும் வெருட்டு. அமைதி, அமைதி, பிறகு திடீரென்று ஒரு முகமும் பெரிய சத்தமும். வயலில் வைக்கிற வெருளி மாதிரி. முதல் நாள் காகம் பயப்படும். மூன்றாம் நாள் அதன் தலையிலேயே வந்து இருக்கும். சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தால் அந்த முகம் பாவம், பல்வலி வந்த ஆள் மாதிரி இருக்கிறது.

ஆனால் ஒன்றைக் கவனித்தேன். அனேகமாக எல்லாப் பேயும் வீட்டுக்குள்தான் இருக்கிறது. அதுவும் பெரிய வீடு. 2005இல் வந்த 'சந்திரமுகி'யை எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் அரண்மனை, அதற்குள் பூட்டிய ஓர் அறை. வெள்ளைக்காரர் படம் என்றால் நிலவறை இருக்கும், கூரைக்குக் கீழே பரண் இருக்கும். நம்மிடம் என்ன இருக்கிறது? போருக்குப் பிறகு இந்திய உதவியில் கிடைத்த ஐந்தரை இலட்சம் ரூபா வீட்டுத்திட்ட வீடு. விறாந்தை, இரண்டு அறை, குசினி. வாசலில் நின்றாலே கொல்லைப்புறம் தெரியும். பேய் எங்கே ஒளிப்பது? நான் பகிடிக்குச் சொல்லவில்லை. எங்கள் பகுதியில் 2010க்கு முன் கட்டிய வீடு ஒன்றைக் காட்டுங்கள் பார்ப்போம். பழைய வீடு இல்லாத ஊரில் பழைய பேய் எப்படி இருக்கும்?

இந்தக் கேள்வியோடுதான் 'யாவரும் நலம்' பார்த்தேன். மாதவன் நடித்தது. அதில் வீடு புத்தம்புதிது. கடன் எடுத்து வாங்கிய அடுக்குமாடி வீடு, இலக்கம் 13பி. பால் திரைகிறது, சாமிப்படம் மாட்ட முடியவில்லை. வீட்டுப் பெண்கள் பார்க்கிற தொலைக்காட்சித் தொடரில் இவர்கள் குடும்பத்துக்கு நடப்பதே நடக்கிறது. சுவரில் பிழை இல்லை. முன்பு அதே நிலத்தில் இன்னொரு வீடு இருந்திருக்கிறது; அதில் ஒரு குடும்பமே கொல்லப்பட்டிருக்கிறது. வீட்டை இடித்தாலும் நிலம் அதை வைத்திருந்திருக்கிறது. படம் வந்தது 2009 மார்ச்சில். வன்னியில் போர் நடந்த அந்த மார்ச்சில் நாங்கள் படம் பார்க்கவில்லை. பல ஆண்டுகள் கழித்துத்தான் பார்த்தேன், அதுவும் புது வீட்டு விறாந்தையில் இருந்து. பார்த்து முடித்ததும் சீமெந்துத் தரையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சின்னதாய் ஒரு புத்தகம் வேண்டும் என்பவர்களுக்குப் புதுமைப்பித்தனின் 'காஞ்சனை'யைச் சொல்லுவேன். லாரன்ஸ் நடித்த படம் இல்லை. 1940களில் எழுதிய சிறுகதை. பிச்சை கேட்டு வந்த ஒருத்தியை மனைவி வீட்டோடு வைத்துக்கொள்கிறாள். இரவில் ஒரு வாடை வருகிறது. அவள் பேயா இல்லையா என்று கடைசிவரை சொல்லமாட்டார். ஒரே மூச்சில் வாசிக்கலாம். பகலில் வாசியுங்கள்.

தமிழில் பழைய பேய்கள் வீட்டுக்குள் இருந்ததில்லை. கலிங்கத்துப்பரணியில் அவை காட்டில் பசியோடு கிடந்து, போர் முடிந்ததும் களத்துக்கு ஓடிக் கூழ் சமைக்கின்றன. வன்னியிலும் அப்படித்தான். பேய் மதகில் இருக்கும், சந்தியில் இருக்கும், குளக்கட்டில் இருக்கும். இரவில் யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் முதல் குரலுக்குப் பதில் சொல்லாதே என்பார் எங்கள் ஆச்சி.

எங்கள் ஊர்க் குளக்கட்டு முடிகிற இடத்தில் ஒரு பாலைமரம் நின்றது. அதில் முனி இருக்கிறது என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். மீள்குடியேறி வந்தபோது மரம் இல்லை, அடிக்கட்டை கூட இல்லை. இப்போது அந்த இடத்தில் தெருவிளக்கு எரிகிறது. ஆனாலும் அம்மா அங்கே வந்ததும் சைக்கிளைவிட்டு இறங்கி, மற்றக் கரையால் உருட்டிக்கொண்டுதான் போவார். "ஏனம்மா, அதுதான் மரத்தைத் தறிச்சுப்போட்டாங்களே" என்று ஒருநாள் கேட்டேன்.

"மரத்தைத்தானே தறிச்சவங்கள்" என்றார்.