பார்க்கின்சன் நோயாளிக்கு வீடியோ கேம் எதற்கு?

நேயர்களுக்கு வணக்கம். பார்க்கின்சன் நோய் என்றதும் பலருக்கும் கை நடுக்கம்தான் நினைவுக்கு வரும். ஆனால் எங்களைப் போன்ற பிசியோதெரபிஸ்டுகளிடம் வீட்டார் வந்து சொல்லும் குறை பெரும்பாலும் நடையைப் பற்றியதாகவே இருக்கும். "வாசப்படி கிட்ட வந்தா அப்படியே நின்னுடறார் சார். கால் தரையில ஒட்டிக்கிட்ட மாதிரி."

நடப்பது, திரும்புவது, நாற்காலியிலிருந்து எழுவது எல்லாம் நாம் யோசிக்காமல் செய்கிற வேலைகள். அப்படி யோசிக்காமல் செய்வதற்கு மூளையின் ஆழத்தில் உள்ள சில நரம்புத் திரள்கள் ஒழுங்காக இயங்க வேண்டும். அவற்றுக்கு டோபமைன் என்ற வேதிப்பொருள் வேண்டும். இந்த நோயில் டோபமைனைச் சுரக்கும் செல்கள் அழிந்துகொண்டே போவதால், தன்போக்கில் நடந்துவந்த வேலைகள் தடுமாறுகின்றன. ஆனால் வெளியிலிருந்து ஒரு குறிப்பு கிடைத்தால் பலருக்குக் கால் நகர்ந்துவிடும். தரையில் குறுக்கே வண்ண டேப் ஒட்டினால், நின்றுபோனவர் அந்தக் கோட்டைத் தாண்டி அடி வைப்பார். தாளம் தட்டினால் தாளத்துக்கு நடப்பார்.

வீடியோ கேம் உள்ளே வருவது இந்த இடத்தில்தான். திரை ஓயாமல் குறிப்பு கொடுத்துக்கொண்டே இருக்கிறது. செய்தது சரியா தப்பா என்றும் உடனே காட்டிவிடுகிறது.

2006-இல் நின்டெண்டோ நிறுவனம் 'வீ' (Wii) என்ற வீடியோ கேம் கருவியைக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு அதற்கென்று ஒரு பலகை வந்தது. ஏறி நின்றால், உடல் எடை எந்தப் பக்கம் சாய்கிறது என்று கண்டுபிடிக்கும். அதில் ஒரு விளையாட்டு: திரையில் ஒரு மேசை, அதன்மேல் பந்துகள். நீங்கள் சாய்கிற பக்கம் மேசையும் சாயும். பந்தை உருட்டிக் குழியில் விழவைக்க வேண்டும். இதில் பெரியவர்களைக் கவனித்தால் ஒன்று தெரியும். "எடையை இடது காலுக்கு மாற்றுங்கள்" என்று சொன்னால் உடம்பை இறுக்கிக்கொண்டு நிற்பவர், பந்து இடது ஓரக் குழியை நெருங்கும்போது தன்னையறியாமல் இடுப்போடு சாய்ந்துவிடுவார். சொல்லி வராத அசைவு பந்துக்காக வந்துவிடுகிறது!

சரி, பலன் உண்டா? பிரேசிலில், சாவோ பாலோவில், 32 நோயாளிகளை இரண்டு குழுவாகப் பிரித்து ஏழு வாரம் பயிற்சி கொடுத்தார்கள். ஒரு குழுவுக்கு வீ விளையாட்டு, மற்றதற்கு வழக்கமான சமநிலைப் பயிற்சி. 2012-இல் வெளியான முடிவு: இரண்டு குழுவும் முன்னேறின, இரண்டுக்கும் இடையே பெரிய வித்தியாசம் இல்லை. அதாவது கருவிக்கென்று தனி மாயம் எதுவும் கிடையாது. "கேம் விளையாடினால் நோய் போய்விடும்" என்று யாராவது விற்க வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

அதே ஆண்டு வெளியான இன்னொரு பிரேசில் ஆய்வு எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. பத்து வீ விளையாட்டுகளைக் கொடுத்துப் பார்த்ததில், பெரும்பாலானவற்றை நோயாளிகள் கற்றுக்கொண்டார்கள், சிலவற்றில் திணறினார்கள். நொடியில் முடிவெடுக்க வேண்டிய, எடுத்த அசைவைச் சட்டென்று நிறுத்த வேண்டிய விளையாட்டுகளில்தான் சிக்கல். பேரன் ஆடுகிற கேமைத் தாத்தா கையில் கொடுப்பதற்கு முன் இதை யோசிக்க வேண்டும். தோற்றுக்கொண்டே இருந்தால் மறுநாள் அவர் அந்தப் பக்கமே வரமாட்டார்.

கீழே விழுவது விஷயத்தில் செய்தி கொஞ்சம் நம்பிக்கை தருகிறது. பெல்ஜியம், இஸ்ரேல், இத்தாலி, நெதர்லாந்து, பிரிட்டன் ஆகிய ஐந்து நாடுகளில் 302 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. எல்லோரும் 60 வயதைத் தாண்டியவர்கள், அடிக்கடி விழுபவர்கள். அவர்களில் பலருக்குப் பார்க்கின்சன். ஒரு பகுதியினர் டிரெட்மில்லில் வெறுமனே நடந்தார்கள். மற்றவர்கள் நடக்கும்போது, கேமரா அவர்கள் பாதத்தைப் படம்பிடித்து எதிரே திரையில் காட்டியது. அந்தத் திரைப் பாதையில் தடைகள் வரும், வழி பிரியும், கவனம் சிதறும். ஆறு வாரம் இப்படி நடந்த பிறகு, ஆறு மாதத்தில் சராசரியாகச் சுமார் 12 முறை விழுந்துகொண்டிருந்தவர்கள் 6 முறையாகக் குறைந்தார்கள். வெறும் டிரெட்மில் குழுவில் அந்த அளவு குறையவில்லை. நம் தெருவில் நடப்பதும் கிட்டத்தட்ட இதுதானே: கால் ஒரு வேலை, கண் ஒரு வேலை, மனசு ஒரு வேலை.

வீட்டிலேயே செய்ய முடியுமா என்று கேட்பவர்களுக்கு, நெதர்லாந்தின் நைமேகன் நகரத்து ஆய்வைச் சொல்வேன். 2019-இல் வெளியானது. நோய் ஆரம்ப நிலையில் இருந்த 130 பேர். ஒரு குழுவினர் வீட்டில் நிலையான சைக்கிளை, எதிரே கேம் திரையோடு, வாரம் மூன்று முறை அரை மணி முதல் முக்கால் மணி வரை மிதித்தார்கள். மற்றவர்கள் தசை நீட்டும் பயிற்சி செய்தார்கள். ஆறு மாதம் கழித்து, நோய்க்காக எடுக்கும் மாத்திரை வேலை செய்யாத நேரத்தில் சோதித்தபோது, சைக்கிள் குழுவின் நிலை அவ்வளவாக மோசமாகவில்லை. மற்ற குழுவின் நிலை இறங்கியிருந்தது. மாத்திரை வேலை செய்யும் நேரத்தில் அந்த வித்தியாசம் தெரியவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். என் பார்வையில் இங்கே உடம்புக்கு நல்லது செய்தது மூச்சு வாங்க மிதித்த மிதி. ஆறு மாதம் அலுக்காமல் மிதிக்க வைத்ததில் கேமுக்கும் ஒரு பங்கு உண்டு.

அப்புறம், வீட்டில் தொடங்குபவர்கள் கவனிக்க வேண்டியவை. மாத்திரை நன்றாக வேலை செய்யும் நேரத்தில் ஆடுங்கள். மிதியடியையும் சின்ன ஸ்டூலையும் அப்புறப்படுத்துங்கள். கைக்கெட்டும் தூரத்தில் சுவரோ கனமான நாற்காலியோ இருக்கட்டும், பக்கத்தில் ஒருவர் இருக்கட்டும். எழுந்து நின்றால் தலைசுற்றுகிறது, அடிக்கடி விழுகிறார் என்றால் நின்று ஆடும் விளையாட்டு வேண்டாம். உட்கார்ந்து செய்வதிலிருந்து தொடங்கலாம். எந்த விளையாட்டு, எவ்வளவு நேரம் என்பதை ஒருமுறையாவது பிசியோதெரபிஸ்ட் நேரில் பார்த்து முடிவு செய்யட்டும். பழைய வீ கருவி இப்போது கடையில் கிடைப்பதில்லை, அதைத் தேடி அலைய வேண்டாம். டிவிக்கு எதிரே ஒரு சைக்கிளைப் போட்டு, எத்தனை நிமிடம் மிதித்தார் என்று பேத்தி காலண்டரில் குறித்துவைத்தாலும் போதும். நன்றி, வணக்கம்.