வினாக்கொத்துக்கு முன்னர் கொப்பி

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம்.

தேசிய கல்வியியற் கல்லூரியில் இரண்டு ஆண்டுகள் தங்கிப் படித்துவிட்டு மூன்றாம் ஆண்டில் கட்டுறுப் பயிற்சிக்காகப் பாடசாலைக்கு வருகின்ற ஆசிரிய மாணவர்களும், பணியில் இருந்துகொண்டே பட்டப்பின் கல்வி டிப்ளோமாவைத் தொடர்கின்ற ஆசிரியர்களும், மொழிக் கற்பித்தல் தொடர்பாக ஓர் ஆய்வைச் செய்ய வேண்டும் என்றவுடன் முதலில் தேடுவது வினாக்கொத்தையே. பெரும்பாலும் முந்திய ஆண்டில் படித்தவர் ஒருவரின் வினாக்கொத்து கைமாறி வரும். பாடசாலையின் பெயர் மட்டும் மாறும். ‘தமிழ் வாசிப்பதில் உமக்கு விருப்பம் உண்டா?’ என்று அது கேட்கும். ஆசிரியை பக்கத்தில் நின்றுகொண்டிருக்கும்போது எந்தப் பிள்ளை ‘விருப்பமில்லை’ என்பதற்கு எதிரே சரி அடையாளம் இடும்? அதிலும், வாசிக்கச் சிரமப்படுகின்ற பிள்ளையின் இடர்ப்பாட்டை அறிவதற்காக அப்பிள்ளையிடமே இரண்டு பக்க வினாக்கொத்தை வாசிக்கக் கொடுக்கிறோம் என்பது ஏனோ நமக்கு உறைப்பதில்லை.

வினாக்கொத்து பயனற்றது என்று நான் சொல்லவில்லை. பெருந்தொகையானோரின் கருத்தை அறிவதற்கு அது ஏற்ற கருவிதான். ஆனால் மொழிக் கல்வியை ஆராயக் கற்றுக்கொள்பவர் முதலில் பழகவேண்டிய கருவி அதுவன்று. பிள்ளை எழுதியது, பிள்ளை வாசித்தது, வகுப்பில் பேசப்பட்டது ஆகிய மூன்றுமே முதல்நிலைத் தரவுகள். அவற்றைப் பார்க்கவும் கேட்கவும் பழகிய பின்னர்தான், எதைக் கேள்வியாகக் கேட்கலாம் என்பதே தெரியவரும்.

செயல்நிலை ஆய்வு, அதாவது தம் பணியிலுள்ள சிக்கலொன்றைத் தாமே மாற்றிப் பார்த்து ஆராய்தல், என்ற எண்ணக்கரு 1940களில் கேர்ட் லெவின் என்ற உளவியலாளரால் முன்வைக்கப்பட்டது. ஆசிரியரே தமது வகுப்பறையின் ஆய்வாளர் என்ற நிலைப்பாட்டை 1970களில் இங்கிலாந்தில் வலியுறுத்தியவர் லோரன்ஸ் ஸ்ரென்ஹவுஸ் என்ற கல்வியியலாளர். திட்டமிடல், செயற்படல், அவதானித்தல், மீளச் சிந்தித்தல் என்ற சுழற்சியை நம் ஆசிரியர்கள் மனனமாகவே சொல்வார்கள். அறிக்கையைப் புரட்டினால் அவதானித்தல் என்ற பகுதி அரைப் பக்கத்தைத் தாண்டாது.

கொப்பியிலிருந்து தொடங்குவோம். 1967இல் பிற் கோடர் என்ற மொழியியலாளர், கற்பவர் விடும் பிழை, அவர் மனத்தில் மொழியின் விதிகள் எவ்வாறு உருவாகிக்கொண்டிருக்கின்றன என்பதற்கான சான்று என்று வாதிட்டார். கவனக்குறைவால் நேரும் தவறு வேறு, அறிவின் நிலையைக் காட்டும் முறைப்பட்ட பிழை வேறு என்றும் பிரித்தார். தரம் 4 பிள்ளை ஒன்று ‘மழை’ என்பதை ‘மளை’ என்றும் ‘தோட்டம்’ என்பதைத் ‘தேட்டம்’ என்றும் எழுதியிருப்பதாகக் கொள்வோம். சிவப்புப் பேனைக்கு இரண்டும் எழுத்துப்பிழைகளே. ஆய்வாளருக்கு அவை இரண்டு வெவ்வேறு செய்திகள். முதலாவது காதிலிருந்து வருகிறது: நம் பேச்சில் ழகரமும் ளகரமும் பெரும்பாலும் ஒன்றாகவே ஒலிக்கின்றன. இரண்டாவது பெரும்பாலும் காதின் பிழையன்று. எழுத்தின் முன்னும் பின்னும் வரவேண்டிய குறிகளில் பின்னாலுள்ளதைப் பிள்ளை விட்டுவிட்டது. ஒன்றுக்கு உதவும் பயிற்சி மற்றொன்றுக்கு உதவாது. ஆகவே பிழையைக் குறிக்கும்போது அச்சொல் சொல்வதெழுதலில் வந்ததா, சுயமான ஆக்கத்தில் வந்ததா, அதே எழுத்தை அப்பிள்ளை வேறெங்கெல்லாம் சரியாக எழுதியிருக்கிறது என்பவற்றையும் சேர்த்துக் குறிக்க வேண்டும். சரியாக எழுதிய இடங்களை எண்ணாமல் பிழைகளை மட்டும் எண்ணுவதுதான் நம் அறிக்கைகளில் நான் அடிக்கடி காணும் குறை. ஐந்து இடங்களில் ஒன்றில் தவறும் பிள்ளையும் ஐந்திலும் தவறும் பிள்ளையும் ஒரே நிலையில் இல்லை.

வாசிப்பிலும் இவ்வாறே. 1960களில் கென்னத் குட்மன் என்ற வாசிப்பு ஆய்வாளர், பிள்ளைகள் உரத்து வாசிக்கும்போது அச்சிலிருந்து விலகுகின்ற இடங்களை வகைப்படுத்தினார். ‘வீட்டுக்குப் போனான்’ என்ற தொடரை ‘வீட்டிற்குப் போனான்’ என்று வாசிக்கும் பிள்ளை பொருளைப் பிடித்துக்கொண்டு செல்கிறது. ‘விட்டுப் போனான்’ என்று வாசித்துவிட்டுத் தயங்காமல் அடுத்த வரிக்குப் போகும் பிள்ளை எழுத்தை மட்டுமே ஒலித்துக்கொண்டிருக்கக்கூடும். புள்ளியிடும்போது இரண்டுக்கும் ஒரே அளவு குறைக்கிறோம். குளக்கட்டில் நட்டிருக்கும் அளவுகோல் நீர்மட்டத்தைச் சொல்லுமே தவிர, கட்டு எங்கே கசிகிறது என்பதைச் சொல்லாது. புள்ளிப் பட்டியலும் அப்படித்தான்.

வகுப்பறைப் பேச்சைப் பதிவுசெய்ய இன்று கைப்பேசியே போதும். நெட் ஃபிளாண்டர்ஸ் என்ற கல்வி ஆய்வாளர் வகுத்த முறையில் மூன்று செக்கனுக்கு ஒருமுறை, பேசுபவர் யார், என்ன வகைப் பேச்சு என்பதைப் பத்து வகைகளுள் ஒன்றாகக் குறிப்பார்கள். அவற்றுள் ஏழு ஆசிரியர் பேச்சுக்கு, இரண்டு மாணவர் பேச்சுக்கு, எஞ்சிய ஒன்று மௌனத்துக்கும் குழப்பத்துக்கும் உரியவை. ஆங்கில பாடத்தில் ஆசிரியர் எப்போது தமிழுக்கு மாறுகிறார் என்பதை அது காட்டாது. நமக்கு அது தேவையென்றால் நாமே ஒரு நிரலைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். அமெரிக்க அறிவியல் வகுப்புகளை ஆராய்ந்த மேரி பட் றோவ், வினாவைக் கேட்ட ஆசிரியர் சராசரியாக ஒரு செக்கன் அளவே விடைக்காகக் காத்திருக்கிறார் என்றும், மூன்று செக்கன் காத்திருந்தால் மாணவரின் விடைகள் நீள்கின்றன என்றும் 1970களில் காட்டினார். இரண்டாம் தேசிய மொழியாகச் சிங்களம் கற்பிக்கும் வகுப்பொன்றில், ஒரே ஓர் ஒலிப்பதிவைக் கொண்டே ஒருவர் இதை அளந்து பார்க்கலாம். ஆனால் எழுத்தில் பெயர்ப்பதற்கான நேரத்தைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். ஒரு பாடவேளைப் பேச்சு பல மாலைப்பொழுதுகளைத் தின்றுவிடும்.

நமக்கு அருகிலேயே ஒரு முன்னுதாரணம் உண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்த சுரேஷ் கனகராஜா, தம் வகுப்பு மாணவரைப் பற்றிய இனவரைவியல் ஆய்வொன்றை, அதாவது அவர்களோடு இருந்து நீண்டகாலம் கவனித்து எழுதும் ஆய்வொன்றை, 1993இல் வெளியிட்டார். ஆங்கிலம் தேவை என்று மாணவர்கள் வாயால் சொன்னதோடு அவர் நின்றுவிடவில்லை. பாடநூலின் ஓரங்களில் அவர்கள் கிறுக்கிய குறிப்புகளையும் படங்களையும் தரவாகக் கொண்டார். வாய் சொன்னதற்கும் ஓரம் சொன்னதற்கும் இடையிலிருந்த முரணே அவ்வாய்வின் உயிர்.

இனி, வன்னியில் ஆய்வு செய்பவர் தனியாகக் கவனிக்க வேண்டியவை சில. கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் 1977இன் பின்னர் குடியேறிய மலையகக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகளும், 1990இல் வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் வாழ்ந்து மீண்ட முஸ்லிம் குடும்பங்களின் பிள்ளைகளும், யாழ்ப்பாணப் பேச்சு வழங்கும் வீட்டுப் பிள்ளைகளும் நம் பாடசாலைகளில் படிக்கிறார்கள். வீட்டுப் பேச்சு எது என்று அறியாமல் பிழைப் பட்டியல் தயாரித்தால், வட்டார வழக்கெல்லாம் பிழையாகப் பதிவாகிவிடும். ‘பெற்றோரின் கல்வித் தகைமை’ என்ற கட்டமும் ஏமாற்றக்கூடியது. 2008, 2009 காலத்தில் சாதாரண தரத்துக்குப் படித்துக்கொண்டிருந்தவர்கள் இன்று பெற்றோர். ‘தரம் 10’ என்று அவர் எழுதுவது திறமையின் எல்லையைக் குறிப்பதில்லை. இடப்பெயர்வு குறுக்கிட்ட இடத்தையே குறிக்கிறது. இதைக் கட்டம் சொல்லாது. அமர்ந்து பேசினால்தான் தெரியும்.

புதிய கற்பித்தல் முறைக்கு முன் வைக்கும் முற்சோதனையை மாரிக்கு முன்னரும், அதன் பின் வைக்கும் பிற்சோதனையை வரவு குறையும் மழை நடுவிலும் வைத்தால் இரண்டிலும் அமர்ந்தவர்கள் ஒரே பிள்ளைகளாக இருக்கமாட்டார்கள். 12 பேர் மட்டுமே உள்ள வகுப்பில் ஒரு பிள்ளை என்பது 8 வீதத்துக்கும் மேல். அத்தகைய வகுப்பில் வீதக் கணக்கையும் சலாகை வரைபையும் விட, நான்கு பிள்ளைகளை ஒரு தவணை முழுவதும் தொடர்ந்து கவனித்து விரிவாக எழுதுவது நம்பகம் மிக்கது என்பது என் கருத்து. மதிப்பீட்டாளர்கள் சிலர் இதை ஏற்கமாட்டார்கள். வரைபு இல்லாத ஆய்வு அவர்களுக்கு ஆய்வாகவே தோன்றாது. அவர்களுக்காகவேனும் ஏன் இம்முறையைத் தெரிந்தோம் என்பதை முறையியல் அத்தியாயத்தில் தெளிவாக எழுதிவைக்க வேண்டும்.

அனுமதி பற்றியும் சொல்ல வேண்டும். அதிபரின் கையொப்பத்தோடு பெற்றோரின் சம்மதமும் தேவை; அதுவும் எழுத்தில் மட்டுமன்றி வாயாலும் விளக்கிப் பெறப்பட வேண்டும். எழுத்துத் தரவுக்காக ‘எனது குடும்பம்’ என்ற தலைப்பைக் கொடுக்கும் வழக்கத்தைக் கைவிடுவது நல்லது. இங்கே பல வீடுகளில் அத்தலைப்பு இழப்பைத் தொடும். ‘எங்கள் ஊர்க் குளம்’ என்ற தலைப்பிலும் அதே வேற்றுமை உருபுகளும் வினைமுற்றுகளும் வரத்தான் போகின்றன. பாடசாலையை ‘அ’ என்று குறித்துவிட்டால் மறைத்துவிட்டோம் என்றும் எண்ண வேண்டாம். ஒரே பாடசாலை உள்ள கிராமத்தில், தரம் 4இல் படிக்கும், தாய் வெளிநாட்டில் இருக்கும் மாணவி என்று எழுதினாலே ஊர் முழுவதும் ஆளை அறிந்துகொள்ளும். ஆய்வின் கேள்விக்கு அவ்விவரம் தேவையில்லை என்றால் எழுதாமல் விடுங்கள். ஒலிப்பதிவுகளை வட்ஸ்அப் குழுக்களில் பகிராமல், மதிப்பீடு முடிந்ததும் அழித்துவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.